காற்றுப்பை சொன்ன பொய்

அத்தியாயம் 3

"இது விமான நிலையத்துச் சாமானே இல்லீங்க," என்றார் கந்தவேல். "பனியன் துணி."

கொழிஞ்சிவலசு விமான நிலைய மேலாளர் மதுமதியின் மேஜையில் ஆரஞ்சு நிறத்தில் எட்டடி நீளத் துணிக்குழாய் ஒன்று கிடந்தது. ஒரு முனை அகலம், மறு முனை குறுகல். ஓடுபாதை ஓரத்துக் கம்பத்தில் பறக்கும் காற்றுப்பை அது; 'விண்ட் சாக்' என்பார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று விமானி மேலிருந்தே பார்த்துத் தெரிந்துகொள்வது இதை வைத்துத்தான்.

கந்தவேல் துணியை விரல் நுனியால் தேய்த்துப் பார்த்தார். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் திருப்பூரில் ஏற்றுமதித் துணிகளைப் பரிசோதித்தவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் துணியின் எடையைச் சொல்வார்.

"விளையாட்டுச் சட்டைக்குப் போடற பாலியஸ்டர். நெம்ப லேசு. நெசமான காற்றுப்பை இதைவிட மூணு மடங்கு கனம் இருக்குமுங்களே?"

"ஆமாங்க," என்றாள் மதுமதி. நாற்பது வயதிருக்கும். வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "கெட்டி நைலான். நல்லா பலமா அடிச்சாத்தான் அது முழுசா நிமிரும். இது பாதிக் காத்துக்கே வெறைச்சு நிக்குது. நம்ம ரன்வே வடக்கு தெற்குங்க. காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்க இருந்து அடிக்குது. குறுக்குக் காத்து. சாக் வெறைச்சு நின்னா பைலட் இறங்க மாட்டார். ஒரு சுத்து சுத்திட்டு கோயம்புத்தூருக்குப் போயிருவார்."

"காத்தை அளக்க மெஷின் ஒண்ணும் இல்லியாக்கும்?" கதவருகே நின்ற மாரிச்செல்வம் கேட்டான். கந்தவேலின் உதவியாளன். கோவில்பட்டிக்காரன். முப்பது வயது. வாய்க்கு மட்டும் பதினெட்டு.

"கட்டடத்து மேல மீட்டர் இருக்குது. அது பத்துங்கும். சாக் இருபதுங்கும். ரெண்டும் வேற வேற சொன்னா, பதினேழு பயணிகளை வெச்சுக்கிட்டு எந்த பைலட்டும் கண்ணை நம்பாம மீட்டரை நம்ப மாட்டார். ஆறு வாரத்துல அஞ்சு தடவை விமானம் திரும்பிப் போயிருச்சுங்க. அஞ்சாவது நேத்து. திரும்பிப் போன பைலட், உங்க சாக் பார்க்க ஒரு மாதிரியா இருக்குதுன்னு போன்ல சொன்னார். கம்பத்தைச் சாய்ச்சுப் பார்த்தா இதைக் கட்டி வெச்சிருக்காங்க. எங்க பழைய சாக்கைத் தேடி எடுத்து மாட்டியாச்சு."

அறையில் இன்னொருவர் இருந்தார். குமாரசாமி. விபூதிப் பட்டை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. நான்கு வருடத்துக்கு முன்னால் ஓடுபாதையைத் தெற்கே நீட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர். இப்போது பராமரிப்பும் அவர் கையில்தான். புல் வெட்டுகிறவர், காவலாளி என எட்டுத் தரைப் பணியாளர்களும் அவருடைய ஆட்கள்.

"இதுல துப்பறிய என்னங்க இருக்குது?" என்றார் அவர். "விமானம் கோயம்புத்தூருக்குப் போனா பயணிக டாக்சி பிடிச்சுத்தான் வரோணும். டாக்சிக்காரன் எவனோ நம்ம ஆளு ஒருத்தனைக் கையில போட்டிருக்கான். எட்டுப் பேரையும் நிறுத்திப் போட்டு வேற ஆளு வைக்கறேன். முடிஞ்சுது."

"எட்டுல ஒருத்தர்தானுங்க செஞ்சிருப்பார்," என்றார் கந்தவேல்.

"ஏழு பேரு அதைப் பார்த்துட்டு இருந்திருப்பானுகளே!"

கந்தவேல் மேஜையிலிருந்து துணியை எடுத்தார். சன்னலுக்குப் போய், காற்றுப்பையை உள்வெளியாகப் புரட்டி வெளிச்சத்தில் பிடித்தார். காலையில் பெய்த மழை பதினோரு மணிக்குத்தான் விட்டிருந்தது. ஓடுபாதை நனைந்து கறுத்துக் கிடந்தது.

கொழிஞ்சிவலசு விமான நிலையத்துக்கு வயது எழுபதுக்கு மேல். சொந்த விமானம் வைத்திருந்த ஒரு நூல் மில் முதலாளி தன் நிலத்தில் போட்ட மண் பாதை அது. காற்றைப் பார்த்துப் போடவில்லை. தன் நிலம் எந்தத் திசையில் நீண்டு கிடந்ததோ அந்தத் திசையில் போட்டார். அவர் போன பிறகு பருத்திக்கு மருந்து தெளிக்கும் விமானங்கள் சில வருடம் வந்தன. அதற்குப் பின் இருபத்தைந்து வருடம் வெள்ளாடும், லாரி ஓட்டப் பழகுகிறவர்களும்தான். சிற்றூர்களுக்கும் விமானம் விட வேண்டும் என்று அரசாங்கம் தீர்மானித்தபோது பழைய பாதைக்குத் தார் போட்டு, தெற்கே அறுநூறு மீட்டர் நீட்டினார்கள். இப்போது சென்னையிலிருந்து பத்தொன்பது இருக்கை விமானம் ஒன்று தினமும் மூன்று பத்துக்கு வந்து, மூன்று ஐம்பதுக்குத் திரும்புகிறது. அவ்வளவுதான் மொத்தப் போக்குவரத்தும்.

"மாரி, இங்க வா. இதைப் படி."

துணியின் ஓரிடத்தில் எதையோ ஒட்டி உரித்த தடம் மங்கலாகத் தெரிந்தது. மாரிச்செல்வம் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினான்.

"எழுத்து மாதிரி இருக்கு அண்ணாச்சி. க... பா... டி... கபாடிக் குழு." சிரித்துவிட்டான். "கபடிக்குக் கபாடின்னு அடிச்சிருக்கான். ஒரு கால் கூடிப் போச்சு. கபடி ஆடுதவனுக்குக் கால் கூடுனா நல்லதுதான?"

"ஆடறவனுக்கு நல்லது. அச்சடிச்சவனுக்குத் தலைவலி," என்றார் கந்தவேல். "எழுத்து தப்பாப் போன சட்டைகளை எவனும் வாங்கியிருக்க மாட்டான். மேடம், அஞ்சு தடவை திரும்பிப் போன தேதிகளை எழுதிக் குடுங்க. இந்தப் பையை எடுத்துட்டுப் போறேன். மூணு மணிக்குள்ள ஆளோட வாறேன்."

"ஆளோடயா?" என்றார் குமாரசாமி.

"தச்ச ஆளோட. மாட்டுன ஆளு அதுக்குப் பின்னால வருவாருங்க."

வெளியே வந்ததும் மாரிச்செல்வம் ஸ்கூட்டரை உதைத்தான். "யாரு மேல அண்ணாச்சி சந்தேகம்?"

"எல்லார் மேலயும்."

"அந்த மேடம் மேலயுமா? அவுகதான நம்மளக் கூப்பிட்டது."

"நம்மளைக் கூப்பிடற ஆளு சுத்தம்னு எந்தப் புஸ்தகத்துல எழுதியிருக்குது? வண்டியை எடு."

கந்தவேல் பின்னால் உட்கார்ந்தபடி விளையாட்டுச் சட்டை தைக்கிற கம்பெனிகளுக்குப் போன் போட்டார். முதல் இருவர் அது தங்கள் துணி இல்லை என்று சத்தியம் செய்தார்கள். மூன்றாமவர், "கபாடி" என்ற சொல்லைக் கேட்டதும் பெருமூச்சு விட்டார். "அதை ஏன் இப்ப கிளப்பறீங்க? நாப்பது சட்டை. முதலிபாளையம் வாங்க, சொல்றேன்."

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் அந்தக் கம்பெனியைக் கண்டுபிடிக்க ஒரு மணி ஆகிவிட்டது. சாப்பாட்டு நேரம். முன் வாசலில் ஒடிசாத் தொழிலாளர்கள் இந்தியில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் காற்றுப்பையை ஒரு முறை பார்த்தார்.

"எங்க துணிதானுங்க. ரிஜெக்ட் ஆன சட்டைகளை டெய்லருககிட்டயே எடுத்துக்கச் சொல்லிட்டோம். ஆளுக்கு ஒண்ணு ரெண்டு எடுத்தாங்க. ஒரு அம்மா மட்டும் பன்னெண்டு கேட்டு வாங்கிச்சு."

"பன்னெண்டு எதுக்குன்னு கேக்கலியா?"

"ஊட்டுக்காரருக்குன்னுச்சு."

"வீட்டுக்காரருக்கு எத்தன கை?" என்றான் மாரிச்செல்வம்.

கடைசி வரிசையில் ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள் அந்த அம்மாள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பெயர் சின்னாத்தாள். கந்தவேல் காற்றுப்பையை அவள் முன்னால் விரித்தார்.

"நல்லாத் தச்சிருக்கீங்கம்மா. மூட்டுல ரெட்டைத் தையல். கிழியவே கிழியாது."

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். "இது என்னதுங்க? எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாத சாமானுக்கு நான் ஒண்ணும் கேக்கப் போறதில்லீங்க. உங்க வீட்டுக்காரர் எங்க வேலை செய்யறாரு?"

அவள் டிபன் பாக்ஸை ஓரமாக நகர்த்தினாள்.

"கொழிஞ்சிவலசு விமான நிலையத்துல தானுங்களே?"

"புல்லு வெட்டறாருங்க," என்றாள் மெதுவாக. "குருவி, மயிலு வந்தா வெரட்டி உடுவாரு. ராக்கையான்னு பேரு."

மாரிச்செல்வம் கந்தவேலின் காதருகே குனிந்தான். "டாக்சிக்காரன் குடுத்த துட்டுல வீட்டம்மா தச்சு, வீட்டய்யா மாட்டியிருக்காரு. குடும்பத் தொழிலு அண்ணாச்சி."

அது சின்னாத்தாளின் காதில் விழுந்துவிட்டது. எழுந்து நின்றாள்.

"ஏனுங்க, ஆரு செஞ்சாங்க, ஆரு செஞ்சாங்கன்னே தேடறீங்களே. எதுக்குச் செஞ்சாங்கன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? என்ற ஊட்டுக்காரரு டாக்சிக்காரங்கிட்ட ஒரு டீ கூட வாங்கிக் குடிச்சதில்லீங்க."

"சரிங்கம்மா. இப்பக் கேக்கறேன். எதுக்குச் செஞ்சாரு?"

"எனக்கு முழுசாத் தெரியாதுங்க. அந்த ரன்வேயில ஒரு எடம் சரியில்லைம்பாரு. மழை பேஞ்சு ஈரம் காயறதுக்குள்ள, மக்யா நாளு வரைக்கும் ப்ளேன் எறங்கக் கூடாதும்பாரு. அன்னைக்கு மட்டுந்தான் இதை எடுத்துட்டுப் போவாரு."

கந்தவேல் சட்டைப் பையிலிருந்து மதுமதி எழுதிக் கொடுத்த தேதிகளை எடுத்தார். அதை வைத்துக்கொண்டு வழி நெடுக அவர் மனம் வேறெதையோ தேடிக்கொண்டிருந்தது: அன்றைக்கு யார் வந்தார்கள், எந்த ஏற்றுமதிக்காரர், எந்தப் பகை. கடைசித் தேதி நேற்று. முந்தா நாள் மாலை திருப்பூரே வெள்ளக்காடாகி, அவருடைய அலுவலகப் படிக்கட்டில் தண்ணீர் ஏறியிருந்தது. அதற்கு முந்தைய தேதியில் தாராபுரம் சாலையில் மரம் விழுந்து பஸ் நின்றது. செய்தித்தாளில் படித்த ஞாபகம். மற்ற மூன்றையும் சூப்பர்வைசர் செல்போனில் பார்த்துச் சொன்னார். மூன்றுக்கும் முதல் நாள் மழை.

"மழையைக் கூப்பிட்டு வர எந்த டாக்சிக்காரனாலயும் முடியாது, மாரி," என்றார் கந்தவேல்.

"இன்னைக்கும் மழ பெஞ்சிருக்கு அண்ணாச்சி. பை நம்ம கையில இருக்கு."

சின்னாத்தாளின் முகம் மாறியது. "கண்ணு, அந்தப் பை இல்லாம இன்னைக்கு அவரு என்ன செய்வாரு? காத்தால போகையில, ஊட்டுல செவப்புத் துணி ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டாருங்க. என்ற பழைய சீலையை எடுத்துக் குடுத்தேன். எதுக்குன்னு கேட்டா ஒண்ணும் பேசலை. கடப்பாரையை எடுத்துட்டுப் போயிட்டாரு."

கந்தவேல் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று நாற்பத்தைந்து.

காங்கயம் தாண்டும்போது மறுபடி தூறத் தொடங்கியது. மாரிச்செல்வம் தலையைத் திருப்பிக் கத்தினான். "மேடத்துக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லிருங்க அண்ணாச்சி!"

"என்னன்னு சொல்றது? ஒரு புல்லு வெட்டறவரு சம்சாரம் சொல்லுச்சுன்னா? சரியில்லாத எடம் ஒண்ணு இருக்குதுன்னா, அதை மூடி மறைக்கற ஆளும் ஒண்ணு இருக்குது. அது மேடமாவே இருந்தா?"

"இல்லாம இருந்தா?"

கந்தவேல் போனை எடுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவரைக் குடைந்துகொண்டே வந்தது.

விமான நிலையத்தின் தெற்கு வேலிக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு நாற்பத்தெட்டு. கம்பி வேலியில் ஆள் நுழையுமளவுக்கு ஒரு வெட்டு. உள்ளே, ஓடுபாதையின் ஓரப் புல்லில் ஒரு மனிதர் குந்தியிருந்தார். மெலிந்த உடம்பு, காக்கிச் சட்டை, தோளில் சிவப்புச் சேலை. பக்கத்தில் கடப்பாரை மண்ணில் செங்குத்தாக நின்றது.

"ராக்கையா?"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். ஓடப் பார்க்கவில்லை. காற்றுப்பையைக் கந்தவேல் கையில் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினார்.

"கண்டுபிடிச்சுட்டீங்க. சரிங்க. போலீசுக்கு வேணும்னாலும் வாறனுங்க. ஆனா மூணே கால் வரைக்கும் என்னைய உட்டுருங்க, சாமி."

"மூணே காலுக்கு என்ன செய்யப் போறீங்க?"

"ப்ளேன் வாறப்ப நடுவுல போயி நின்னு சீலையை ஆட்டப் போறேன். ஆளு நின்னா எறங்க மாட்டாங்கல்லங்க."

"அப்பிடி என்ன இருக்குது அங்க?"

ராக்கையா ஓடுபாதையில் பத்தடி தள்ளி ஓரிடத்தைக் காட்டினார். கந்தவேலுக்கு மற்ற இடம் போலத்தான் தெரிந்தது. தார். வெள்ளைக் கோடு. மேலே மெல்லிய தண்ணீர்ப் படலம்.

"கிணறுங்க," என்றார் ராக்கையா.

மாரிச்செல்வம் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"எங்க பெரியம்மா ஊட்டுத் தோட்டத்துக் கிணறு. அறுபதடி ஆழம். அகலம் இந்த ஓரத்துல இருந்து நடுக்கோடு வரைக்கும். ரன்வேயை இந்தப் பக்கம் நீட்டறப்ப, கல்லும் கான்கிரீட்டும் போட்டு மூடுவாங்கன்னு சொன்னாங்க. நான் அப்பவே குமாரசாமிகிட்ட வேலைக்குச் சேந்துட்டனுங்க. கண்ணாலே பாத்தேன். கல்லும் வரலை, கான்கிரீட்டும் வரலை. மூணு நாளு லாரி லாரியா கட்டிங் வேஸ்ட்டைக் கொட்டுனாங்க. பனியன் கம்பெனிக வெட்டிப் போடற துணிங்க. மேல ரெண்டடி மண்ணு. அதுக்கு மேல சல்லி, தாரு. வெய்யக் காலத்துல ஒண்ணும் தெரியாது. மழை பேஞ்சா துணி தண்ணியைக் குடிச்சுட்டு கீழ எறங்குது. தாரு மட்டும் மேல மச்சு மாதிரி நிக்குது. காயறதுக்கு ஒரு நாளு ஆகும். வருசா வருசம் பொந்து பெருசாகிட்டே போகுது."

"பரிசோதனைக்கு வர்றவங்க பாக்கலியா?"

"அவங்க பங்குனி, சித்திரையில வாறாங்க. தடிச்ச வெய்யலு."

"மேலாளர்கிட்டச் சொல்லலியா?"

"ரெண்டு தடவை எழுதிக் குடுத்தனுங்க. ஆனா நான் மேடத்துக்கு வேலைக்காரன் இல்லீங்க. குமாரசாமி ஆளு. எங்க ஆபீசு வழியாத்தான் காயிதம் போகோணும். வரைபடத்துல கிணறே இல்லைன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. ரெண்டாவது காயிதம் குடுத்த மக்யா நாளு, என்ற மருமகனை வேலையை உட்டு நிறுத்திப் போட்டாங்க. அப்பறம் ஆருகிட்டப் போயிச் சொல்றது? அதுக்கோசரந்தான் இந்தப் பையி."

கந்தவேல் அவரையே பார்த்தார். சொல்வது உண்மை போலத்தான் இருந்தது. ஆனால் உண்மை போல இருக்கிற எத்தனையோ கதைகளை அவர் கேட்டிருக்கிறார். கடப்பாரையைப் பிடுங்கி, தாரின் விளிம்பை ஒட்டிய மண்ணில் சாய்வாகக் குத்தினார். இரண்டடி இறுகலாக இருந்தது. அதற்குப் பிறகு கடப்பாரை தானாகவே கீழே போயிற்று. பிடி மட்டும்தான் வெளியே நின்றது.

மூவரும் சேர்ந்து இழுத்தார்கள். கடப்பாரையின் கூர்முனையில் ஏதோ சுற்றிக்கொண்டு வந்தது. நீலம். சேறு பூசிய நீல நிறத் துணி நாடா, முழ நீளம். அதைத் தொடர்ந்து சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று.

கந்தவேல் ஒன்றைப் பிழிந்து, விரலால் இழுத்துப் பார்த்தார்.

"இன்டர்லாக் பனியன் துணி. கழுத்து வெட்டுன வேஸ்ட்," என்றார். குரல் சற்று இறங்கியிருந்தது. "பூமியில வெளையற துணி இல்லை, மாரி. மணி என்ன?"

"மூணு ரெண்டு. அங்க பாருங்க அண்ணாச்சி."

வடக்கே மேகத்துக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி.

இந்த முறை கந்தவேல் யோசிக்கவில்லை. மதுமதி இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். பின்னால் குமாரசாமியின் குரல் கேட்டது: "ஆரு மேடம்? என்னவாம்?"

"கந்தவேல் சார்," என்றாள் மதுமதி. "இன்னைக்குக் காத்தே இல்லை. பைலட் இறங்கிட்டே இருக்கார். வரைபடத்துல இல்லாத கிணத்துக்காக நான் எப்படி நிறுத்தறது? அவருக்கு நான் ஒரு காரணம் சொல்லணும்."

கந்தவேல் திரும்பிப் பார்த்தார். ராக்கையா தோளிலிருந்த சேலையை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே ஓடுபாதையில் நடந்துகொண்டிருந்தார். கந்தவேலும் நடந்தார்.

"ரன்வேயில ஆளுங்க நிக்கறாங்கன்னு சொல்லுங்க, மேடம்."

"எத்தனை பேர்?"

"ரெண்டு."

"மூணு," என்று பின்னாலிருந்து மாரிச்செல்வம் கத்தினான். "நானும் வந்துட்டேன். எங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

"அங்க இல்லீங்க, சாமி!" ராக்கையா கந்தவேலின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். "அதுதானுங்க கிணறு. இக்கட்டால, இந்தப் பக்கம் நில்லுங்க."

போனில் மதுமதி வேறு யாரிடமோ, தெளிவான உத்தரவுக் குரலில் பேசுவது கேட்டது. ஓடுபாதையில் ஆட்கள். இறங்க வேண்டாம். திரும்பவும், இறங்க வேண்டாம்.

விமானம் பெரிதாகிக்கொண்டே வந்தது. சக்கரங்கள் தெரிந்தன. ராக்கையா சிவப்புச் சேலையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் வீசினார். வடக்கு முனைக்கு மேலே வந்த விமானம் தரையைத் தொடுவது போல் தாழ்ந்து, திடீரென்று இரைச்சலோடு மூக்கை உயர்த்தியது. அவர்கள் தலைக்கு மேலே காற்று அறைந்தது. மாரிச்செல்வம் கண்ணைத் திறந்தபோது அது மேற்கே திரும்பிக்கொண்டிருந்தது.

ஐந்து நிமிடத்தில் ஒரு ஜீப் ஓடுபாதை மேலேயே பறந்து வந்தது. ஓட்டி வந்தவர் குமாரசாமி. பக்கத்தில் மதுமதி, கதவுக் கம்பியை இறுகப் பிடித்தபடி. ஜீப் அவர்களைத் தாண்டிப் போய் நின்றது.

"ரன்வேயில ஏறி நிக்கறீங்களா? மூணு பேரையும் உள்ள தள்ளாம உட மாட்டேன்!" குமாரசாமி இறங்கும்போதே கத்தினார். "மேடம், இந்த ராக்கையன் குடிகாரன். கிணறாம்! வரைபடத்துல எங்கீங்க இருக்குது கிணறு?"

கந்தவேல் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஜீப் வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நனைந்த தாரில் சக்கரத் தடம் இரண்டு கோடாக, அரை மைல் தூரத்துக்கு வெள்ளைக் கோட்டை ஒட்டி நேராக வந்திருந்தது. ராக்கையா காட்டிய இடத்துக்கு முன்னால் இடது பக்கம் வளைந்து, ஒரு வட்டத்தின் பாதியைச் சுற்றி, மறுபடி நடுக்கோட்டுக்கு வந்திருந்தது.

"அய்யா," என்றார் கந்தவேல். "அவ்வளவு வேகமா வந்தீங்க. இந்த எடத்துல மட்டும் ஏனுங்க சுத்தி வந்தீங்க?"

மதுமதி திரும்பித் தடத்தைப் பார்த்தாள். "ஆமா. நான் கதவுல போயி இடிச்சுக்கிட்டேன்."

"அது... நீங்க மூணு பேரும் நடுவுல நின்னீங்களே!"

"நாங்க நிக்கறது இங்க. நீங்க வளைச்சது அங்க. முப்பதடி தள்ளி."

"தண்ணி நின்னுது. சறுக்கும்னு வளைச்சேன்."

"ரன்வே முழுக்கத் தண்ணிதானுங்க நிக்குது."

கந்தவேல் நீலத் துணி நாடாவை மதுமதியின் கையில் வைத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தரையில் கடப்பாரை போன துளையைப் பார்த்தாள். பிறகு ஜீப்பைக் காட்டினாள்.

"குமாரசாமி, ஆபீசுக்குப் போயி நீட்டிப்பு வேலையோட பைலை எடுத்துட்டு வாங்க. வந்த வழியிலயே போங்க. நடுக்கோடு மேலயே, நேரா."

"மேடம்..."

"உங்க ரன்வேதானே? நாங்க இங்கேயே நின்னு பார்க்கறோம்."

குமாரசாமி ஜீப்பில் ஏறினார். வண்டியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. ஜீப் பத்தடி நகர்ந்து நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் கிடந்த வெறும் தாரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மெல்லிய தூறல். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இன்ஜின் நின்றது.

அவர் இறங்கி, ஓடுபாதையை விட்டு விலகி, புல்லுக்குள் கால் வைத்து, யாரையும் பார்க்காமல் வடக்கே நடக்க ஆரம்பித்தார்.

"வெள்ள வேட்டி சேறாவுதே," என்றான் மாரிச்செல்வம்.

மதுமதி காவலாளிக்குப் போன் செய்து கேட்டை மூடச் சொன்னாள். அடுத்து போலீசுக்கு. நாலரை மணிக்கு ஜேசிபி வந்தது. ஓட்டுநரைத் தூர நிறுத்தி, கையை மட்டும் நீட்டித் தாரைக் கீறச் சொன்னார்கள். முதல் இடியிலேயே தார் உள்ளே விழுந்தது. கீழே ஆள் உயரத்துக்கு வெறும் பொந்து. அதற்கும் கீழே, சுற்றிலும் கல் கட்டிய பழைய கிணற்றுச் சுவர். ஜேசிபி துணியை அள்ளி அள்ளிப் புல் மேல் போட்டது. பச்சை, மஞ்சள், கறுப்பு. தண்ணீர் சொட்டச் சொட்ட அது குவியலாக ஏறிக்கொண்டே போயிற்று.

"விமானத்தோட சக்கரம் இதுக்குள்ள போயிருந்தா..." மதுமதி முடிக்கவில்லை. கந்தவேல் பக்கம் திரும்பினாள். "ரெண்டு மணிக்கே உங்களுக்குப் பாதி தெரிஞ்சிருக்குது. ஏன் எனக்கு அப்பவே போன் பண்ணலை?"

"உங்களையும் சந்தேகப்பட்டேனுங்க."

"இப்ப?"

"இப்ப என் மேலதான் படறேன்," என்றார் கந்தவேல்.

அவள் ராக்கையாவிடம் போனாள். "காற்றுப்பையை மாத்துனது குத்தம்தாங்க, ராக்கையா. அது வேற மாதிரி முடிஞ்சிருக்கலாம். என் அறிக்கையில அதையும் எழுதுவேன். இந்தக் கிணத்தையும் எழுதுவேன். விசாரணை நடக்கும்."

"எழுதுங்க, மேடம். எழுதத்தானுங்க வேணும்."

அவளுடைய போன் அடித்தது. கோயம்புத்தூரில் இறங்கிய பயணி ஒருவர். ஆறு வாரத்தில் ஆறாவது தடவை, இது என்ன விமான நிலையமா, மாட்டுச் சந்தையா என்று அவர் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. "மன்னிச்சுக்குங்க சார். உங்க சிரமம் புரியுது. மன்னிச்சுக்குங்க," என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

ராக்கையா சேலையை மடித்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு ப்ளேன்ல எத்தனை பேருங்க வந்தாங்க?"

"பதினேழு பயணிக. பைலட்டுக ரெண்டு பேர். பத்தொன்பது. அதுல கைக்குழந்தை ஒண்ணு."

அவர் மடித்த சேலையோடு அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கு முன்னால அஞ்சு தடவையும் நான் கேக்கவே இல்லீங்க," என்றார். "கேட்டா அன்னைக்குப் பையை மாட்டக் கை வராது."